கருவாட்டு வியாபாரத்தில் காசு எங்கே மாட்டிக்கொள்கிறது? நீங்களே பார்த்துக்கொள்ளும் வழி

மண்டபம், பாம்பன் பக்கம் கருவாட்டுக் கொட்டகைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "யாபாரம் நல்லாத்தான் போகுது அக்கா, கையில காசு நிக்க மாட்டேங்குது." மீன் வரத்து, மழை, போட்டி என்று காரணமும் வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் முதலில் கேட்பது பாக்கி நோட்டை.

நோட்டில் ஒரே ஒரு லோடை எடுத்து மூன்று தேதி எழுதுங்கள்: மீனுக்குக் காசு கொடுத்த நாள், கருவாடு லாரி ஏறிய நாள், பணம் கைக்கு வந்த நாள். கரையில் மீனுக்கு அன்றைக்கே கைக்காசு. காய இரண்டு மூன்று நாள், லோடு சேரப் பத்து நாள், வெளியூர் மொத்த வியாபாரி பணம் தர ஒரு மாதம். ஆக 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சத்துக்கு மீன் எடுப்பவருக்கு எந்நேரமும் 3 லட்சம் வெளியே நிற்கும். அதை இரண்டு வட்டிக்குப் புரட்டினால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே சரி. 45 நாளை 30 ஆக்கினால் 2 லட்சமே போதும், வட்டியும் 4,000தான். ஒரு கிலோகூடக் கூடுதலாக விற்காமல் மாதம் 2,000 மிச்சம்.

பணம் ஏன் இழுக்கிறது? பல நேரம் வியாபாரிக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம். "சரக்கு ஈரம், மண்ணு கிடக்கு" என்று கழிவு போடுவார், மிச்சத்தையும் தள்ளிப்போடுவார். லோடு ஏற்றும் முன் ஒரு நெத்திலியைத் தலையும் வாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். நெத்திலி மூன்று, நாலு கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். எடை நிற்கட்டும் என்று அரைகுறையாக அள்ளும் ஆசை இங்கேதான் வருகிறது. மணலில் பரப்பாமல் கம்பு நட்டு வலை கட்டிய பரணில் காயப் போடுங்கள். காற்று அடியிலும் ஓடும், மண்ணும் ஒட்டாது.

அடுத்து உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இணையத்தில் இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மீன் வாங்கிக் காயவைத்து விற்பது உற்பத்திக் கணக்கில் வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வாங்கிய கருவாட்டை அப்படியே விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மொத்த வியாபாரி மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அடுத்த லோடு அவரிடம்தானே போக வேண்டும்! பதிவு எண்ணையும் கெடுவையும் பில்லில் அச்சடித்தால் போதும். சரக்கு வாங்கியவர் கெடு தாண்டி வைத்த பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாதபடி 2023 இல் வருமான வரிச் சட்டம் மாறியபின், அவருடைய ஆடிட்டரே நினைவூட்டுவார்.

விற்ற பணம் வங்கிக் கணக்கு வழியாக வரட்டும். ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் (அன்றாட வியாபாரத்தைச் சுழற்றும் பணம்) தருவது வங்கிகளின் பழைய கணக்கு. கைக்காசாகவே புரண்டால் விற்பனை எவ்வளவு என்று மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், மீன் அரியும் மனைவிக்கும் மூட்டை தூக்கும் மகனுக்கும் கூலி எழுதுங்கள். கொடுக்காவிட்டாலும் எழுதுங்கள். அதைக் கழித்துப் பார்த்தால் சில கொட்டகைகளில் லாபமே இருக்காது.

கடைசியாகத் தேதி பார்த்து நடங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். வெளிப்பாக்கியை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வசூலித்துவிடுங்கள், தடைக்காலத்தில் கையில் இருக்கும் கருவாட்டைக் கடனுக்கு விடாதீர்கள். சரக்கு குறைந்த அந்த இரண்டு மாதத்தில்தான் "கைக்காசு கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொல்ல முடியும்.