சுழலாத ஹார்ட் டிஸ்க்கும் ஆரஞ்சு ஒயரும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பெரிய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் சுழலவே இல்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸிலும் பெயர் வராது. கேபிளை மாற்றினேன், வேறு போர்ட்டில் செருகினேன், பயாஸை அப்டேட் செய்தேன். ம்ஹூம். வாரன்டியில் மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனால், யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பி வழியாக ஓட்டும் பெட்டி) வைத்ததும் ஜம்மென்று ஓடியது. “நல்லாத்தானே இருக்கு சார்” என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயமே அந்த டாக்கில்தான் இருந்தது. அது 12 வோல்ட், 5 வோல்ட் மட்டும் தரும். என் பழைய பவர் சப்ளையின் சாட்டா முனையில் (டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் செருகி) ஆரஞ்சு ஒயர் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதில் வருவது 3.3 வோல்ட்; அது முனையின் 3ஆவது பின்னுக்கும் போகிறது. 2016இல் வந்த சாட்டா 3.3 வரையறை (இந்த 3.3 பதிப்பு எண், வோல்ட் அல்ல), அந்த 3ஆவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்தே கிடக்கும். சர்வர் அறைகளில் அசையாமல் நின்றுபோன டிஸ்க்கைத் தூரத்திலிருந்தே அணைத்துப் போட இந்த ஏற்பாடு. வீட்டுக்கு வரும் சில பெரிய டிஸ்க்குகளிலும் இது உண்டு. பழுதே இல்லாதபோது வாரன்டி என்ன செய்யும்?

பவர் சப்ளையின் பழைய வகை நாலு பின் முனையான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்னக் கன்வர்ட்டர் மாட்டினேன். மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. உடனே சுழன்றது, அப்பாடா! சிலர் அந்த 3ஆவது பின்மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் (Kapton) டேப் ஒட்டி மறைப்பார்கள். புது டிஸ்க்கில் கைவைக்க எனக்கு மனமில்லை. அப்புறம், ஒயர்களை உள்ளே வைத்து ஒரே வார்ப்பாக வார்த்த கன்வர்ட்டர் வேண்டாம், அவை உருகித் தீப்பிடித்ததுண்டு. ஒயரை ஒவ்வொன்றாக அழுத்திச் செருகிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.