எந்த உரிமையை விற்றீர்கள் என்று குறித்து வையுங்கள்

கதையோ கட்டுரையோ ஏற்கப்பட்டதும், தலைப்பு, தொகை, பணம் வரவேண்டிய தேதி ஆகியவற்றோடு எந்த உரிமையை எத்தனை காலத்துக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் எக்செல்லில் ஒரே வரியில் குறித்துவிடுங்கள். பதிப்புரிமை என்பது பிரித்து விற்கக்கூடிய சொத்து. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடுத்திருந்தால், அதே படைப்பை அப்புறம் தொகுப்பிலோ ஒலிநூலாகவோ மறுபடி விற்கலாம். புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டாம். கொடுத்த உரிமையின் காலம் முடியும் தேதியை அலைபேசியிலும் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், அதுதான் எளிதில் மறந்துபோகும்.

சம்பள வேலையின் பகுதியாக எழுதியதற்கும், முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்ட படைப்புக்கும் இப்படி மறுபடி விற்பது பொதுவாகப் பொருந்தாது. ஒப்பந்தமே கைக்கு வரவில்லையா? உரிமை விவரத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிய பிறகு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.