ஸ்பீக்கிங் டெஸ்ட்: நிறுத்துவது தப்பில்லை, நிறுத்தும் இடம்தான் சிக்கல்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகும் பலருக்கு ஒரே பயம்: ஒரு நொடி வாயை மூடினாலும் மார்க் போய்விடும். அதனால் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். வேகத்தில் வாக்கியம் சிக்கிக்கொள்கிறது, கடைசியில் நிறுத்தவே கூடாத இடத்தில் போய் முட்டி நிற்கிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்து முடிகிற இடத்தில் நிறுத்துகிறார்கள்.

இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ஐ வென்ட் டு த… லைப்ரரி பிகாஸ் ஐ நீடட் எ… புக் ஃபார் மை எக்ஸாம்.' இப்போது இப்படி: 'ஐ வென்ட் டு த லைப்ரரி… பிகாஸ் ஐ நீடட் எ புக்… ஃபார் மை எக்ஸாம்.' அதே சொற்கள், அதே இரண்டு நிறுத்தங்கள். முதலாவதைக் கேட்பவருக்கு 'பாவம், சொல் கிடைக்கவில்லை' என்று தோன்றும். இரண்டாவதில் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கிற மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் பலர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் மதிப்பீட்டு விளக்கமும் இதைத்தான் பார்க்கிறது. சரளத்தில் உச்ச மதிப்பெண்ணான 9 பேண்ட் வாங்குபவரும் தயங்கலாம். ஆனால் அந்தத் தயக்கம் விஷயத்தை யோசிப்பதற்காக இருக்க வேண்டும், சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதற்காக அல்ல. பேச்சுத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் சரளமும் கோர்வையும் சேர்ந்து ஒன்று, அதாவது கால் பங்கு மதிப்பெண். எனவே 'த', 'எ', 'டு', 'இன்' போன்ற குட்டிச் சொற்களை அடுத்த சொல்லோடு ஒட்டியே பேசப் பழகுங்கள். சொல் வரவில்லையா? 'த' என்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

அடுத்த தவறு, மௌனத்தை எதையாவது போட்டு அடைப்பது. 'அம்ம்…', 'ஆக்சுவலி', 'யூ நோ', அவசரத்தில் நம்முடைய 'வந்து' கூட நுழைந்துவிடும். ஒன்றிரண்டு வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தால் காது அதைத்தான் எண்ண ஆரம்பிக்கும். இதற்கு மாற்று என்று சில வகுப்புகளில் 'தட்ஸ் அன் இன்ட்ரெஸ்டிங் கொஸ்டின்' என்று சொல்லச் சொல்லித்தருகிறார்கள். கடினமான கேள்விக்கு ஒருமுறை சொன்னால் சரி. 'நீங்கள் படிக்கிறீர்களா, வேலை செய்கிறீர்களா?' என்ற கேள்விக்கும் அதையே சொன்னால், அதில் அப்படி என்ன சுவாரசியம் என்று கேட்கத் தோன்றும்! சின்ன மௌனமே மேல்.

பலர் கவனிக்காத ஒன்று, நிறுத்தும்போது குரல் எங்கே போகிறது என்பது. குரல் தாழ்ந்து நின்றால் பேசி முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கொடுத்த தலைப்பில் தனியாகப் பேச வேண்டிய ஐஈஎல்டிஎஸ் இரண்டாம் பகுதியில் நீங்கள் நடுவில் குரலைத் தாழ்த்தி நின்றால், முடித்துவிட்டதாக நினைத்துத் தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போகக்கூடும். இன்னும் சொல்ல வேண்டியிருந்தால் குரலைக் கீழே விடாமல், கொஞ்சம் தூக்கலாகவே நிறுத்துங்கள்.

அதே பகுதியில் யோசிக்க 1 நிமிடமும் குறிப்பெழுதத் தாளும் தருகிறார்கள். அதில் முழு வாக்கியங்களாக எழுதுபவர்கள் பேசும்போது தாளில் வரியைத் தேடித் தேடி நிற்பார்கள். நாலைந்து சொற்கள் போதும். குறிப்பில் உள்ள ஒரு சொல்லைப் பற்றிப் பேசி முடித்து அடுத்த சொல்லுக்குப் போகும்போதுதான் நிறுத்தம் விழும், அது சரியான இடமும்கூட. மனப்பாடம் இதைவிட மோசம். தடையே இல்லாமல் ஓடுகிற பதில் ஒப்பிப்பு என்று உடனே தெரிந்துவிடும், மறந்த இடத்தில் அது அப்படியே அறுந்தும் போகும்.

அப்புறம், சின்னப் பிழைக்காக வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தவறிய சொல்லை மட்டும் திருத்திவிட்டு மேலே போங்கள்.

பயிற்சிக்கு ஃபோன் போதும். ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டபடி தாளில் எழுதுங்கள், நின்ற இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். கோடுகள் எத்தனை என்று பார்க்காதீர்கள். அவை குட்டிச் சொல்லுக்குப் பின்னால் விழுந்திருக்கின்றனவா, கருத்து முடிந்த இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும் தேர்வுக்கு. பிடிஇ அகாடமிக் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு முழுக்கக் கணினியில் நடக்கிறது, அங்கே நிறுத்தத்தின் நீளமும் முக்கியம். பேசும் கேள்விகளில் 3 நொடிக்கு மேல் மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். படத்தை விவரிக்கும் கேள்வியில் யோசிக்க 25 நொடி, பேச 40 நொடி. தொடக்க வாக்கியத்தை அந்த 25 நொடிக்குள்ளேயே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள், பதிவு தொடங்குவதைச் சொல்லும் டோன் கேட்டதும் தொடங்கிவிடுங்கள். நடுவில் தடுமாறினால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற எளிய விஷயம் எதையாவது சொல்லுங்கள். மைக் மூடிய பிறகு எவ்வளவு அழகாகப் பேசினாலும் எதுவும் பதிவாகாது.