அடுத்தடுத்து இரண்டு பஸ், பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை: டைமிங் மாற்றக் கேட்பது எப்படி

தமிழ்நாட்டில் தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் சேர்ந்து ஓடும் ரூட்டில் போட்டி டிக்கெட் விலையில் நடப்பதில்லை. கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. போட்டி முழுக்க நிமிடத்தில்தான். முன்னால் போகிற வண்டி நிறுத்தத்தில் நிற்கிறவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும், மூன்று நிமிடம் பின்னால் வருகிற வண்டிக்கு வெறும் சீட். வசூலைப் பொறுத்துப் படி கிடைக்கும் வண்டிகளில் இந்த அவசரம் இன்னும் கூடும். அதனால் ‘பஸ் நேரத்தை மாற்றுங்கள்’ என்று நீங்கள் கேட்டால் யாரோ ஒருவருடைய வசூலில் கை வைக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டு எழுதிய மனுதான் நகரும்.

முதலில் உங்கள் ஊரின் கோளாறு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட நேரம் சரியாக இருக்கிறது, வண்டிதான் அதன்படி ஓடுவதில்லை என்பது ஒரு வகை. வண்டி ஒழுங்காக ஓடுகிறது, டைமிங்கே கோணல் என்பது இன்னொன்று. பஸ்ஸே கிடையாது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பெரும்பாலான மனுக்கள் ‘கூடுதல் பஸ் விட வேண்டும்’ என்ற ஒற்றை வரியில் மூன்றையும் கலந்துவிடுகின்றன. அவற்றுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலுக்கு மேல் எதுவும் வராது.

பிரித்துப் பார்க்கக் கணக்கு வேண்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா, நிறுத்தத்தில் நிற்க மாற்றி மாற்றி இரண்டு பேர் போதும். மூன்று வேலை நாள், ஒரு சந்தை நாள், ஒரு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள். முழு நாளும் நிற்கத் தேவையில்லை. காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 8 போதும். வண்டி வந்த நேரம், பதிவு எண், தனியாரா அரசா, எத்தனை பேர் ஏறினார்கள், இடமில்லாமல் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று ஐந்து பத்தி போட்டு எழுதுங்கள். நேரத்தை எல்லோரும் செல்போன் பார்த்தே எழுத வேண்டும். ஒருவர் கைக்கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடினால் மொத்தக் கணக்கும் கெட்டது. கடைசிப் பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மனுவுக்கு உயிரே அதுதான்.

அடுத்தது அனுமதிக்கப்பட்ட நேரம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 72-ஆவது பிரிவின்படி, வட்டாரப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தந்த கால அட்டவணையை வண்டியிலும், குறிப்பிட்ட பஸ் நிலையங்களிலும் நிறுத்தங்களிலும் எழுதி வைக்க வேண்டும் என்று பெர்மிட்டில் நிபந்தனை விதிக்கலாம். அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பையும் நிபந்தனையாக வைக்கலாம். நடைமுறையில் அட்டவணை கண்ணில் படுவது அரிது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேட்டால் வாய்மொழியாகச் சொல்வார், ஆனால் மனுவில் அது செல்லாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தனியார் பஸ்ஸுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும், அரசு பஸ்ஸுக்குப் போக்குவரத்துக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

‘ஏன் இப்படி ஓடுகிறது’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கட்டாயமில்லை. ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்: ‘அ முதல் ஆ வரையிலான தடத்தில் இயங்கும் ஒவ்வொரு பேருந்துக்கும், அதன் பதிவு எண், பெர்மிட்டில் கண்ட தினசரி நடைகளின் (ட்ரிப்) எண்ணிக்கை, ஒப்புதல் பெற்ற கால அட்டவணை, கடைசியாக டைமிங் திருத்தப்பட்ட உத்தரவு ஆகியவற்றின் நகல் தருக.’ இதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம்.

தாள் கைக்கு வந்ததும் ஒரு சின்னச் சிக்கல் வரும். அட்டவணையில் புறப்படும் இடமும் முக்கிய ஊர்களும் மட்டும் இருக்கலாம், உங்கள் நிறுத்தம் இருக்காது. ரன்னிங் டைமை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆகும் நேரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். 18 கிலோமீட்டருக்கு 45 நிமிடம், உங்கள் நிறுத்தம் 8-ஆவது கிலோமீட்டர் என்றால், புறப்பட்ட 20-ஆவது நிமிடத்தில் வண்டி உங்களிடம் வர வேண்டும்.

இப்போது இரண்டையும் அருகருகே வையுங்கள். ஓர் எடுத்துக்காட்டு. நோட்டில் இருப்பது: 7.38 தனியார், 12 பேர் ஏறினர், 7.41 அரசு, 3 பேர், 8.34 இன்னொரு தனியார், 31 பேர் ஏறினர், 9 பேர் நின்றுவிட்டனர். தாளில் இருப்பது: முதல் தனியார் 7.05-க்குப் புறப்பட வேண்டும், அதாவது உங்களுக்கு 7.25. அரசு பஸ் 7.21-க்குப் புறப்பட்டு 7.41. அரசு பஸ் சரியான நேரத்தில்தான் வருகிறது. முதல் தனியார்தான் 13 நிமிடத்தை வழியில் உருட்டிக் கழித்து, பின்னால் வரும் அரசு பஸ்ஸின் கூட்டத்தையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. இது முதல் வகைக் கோளாறு. இதற்கு டைமிங் மாற்றம் கேட்டால் புது டைமிங்கிலும் இதேபோலத்தான் உருட்டுவார்கள். ஆர்.டி.ஓ.வுக்கு, பெர்மிட் நிபந்தனை மீறல் என்று தேதி, பதிவு எண், அனுமதித்த நேரம், வந்த நேரம் போட்டுப் புகார் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-ஆவது பிரிவில் பெர்மிட்டை ரத்து செய்யவோ இடைநிறுத்தவோ வழி உண்டு. ஆனால் அதற்குப் பதில் ஒரு தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. எனவே ஒரே ஒரு புகார் யாரையும் அசைக்காது. மாதம் ஒன்றாக மூன்று புகார், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து தேதி என்றால் கோப்பு கனக்கும்.

அந்த வண்டி நாளையே திருந்தினாலும் 7.41-க்கும் 8.34-க்கும் நடுவில் 53 நிமிட ஓட்டை அப்படியே இருக்கிறது பாருங்கள். அது இரண்டாவது வகை. இதற்குத்தான் டைமிங் திருத்த மனு.

பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் ஒரே ஒரு வண்டியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘7.21-க்குப் புறப்படும் அரசுப் பேருந்தை 7.50-க்கு மாற்றினால் எங்கள் நிறுத்தத்துக்கு 8.10-க்கு வரும், 8.35-க்கு நகரம் சேரும், 9 மணிப் பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடுவார்கள். இப்போது 8.34 வண்டியில் ஏறினால் 8.59 ஆகிறது. அதுவும் தனியார் வண்டி என்பதால் மாணவர் இலவசப் பாஸ் செல்லாது.’ பாஸ் விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள். பள்ளி நேரத்துக்கு எந்த நிறுவனத்தின் வண்டி வருகிறது என்பது வண்டி வருகிறதா என்பதற்குச் சமமான கேள்வி. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், உங்களுடையது டவுன் பஸ் ரூட்டாக இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.

மனு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இனிதான் வருகிறது. ஒரு வண்டிக்கு நாளைக்கு எட்டோ பத்தோ நடை இருக்கும். முதல் நடையை 29 நிமிடம் தள்ளினால் அத்தனையும் தள்ளும். திரும்பி வரும் நடை, பஸ் நிலையத்தில் வேறொரு வண்டி நிற்கும் நேரத்தில் போய் முட்டும். சாயங்காலக் கடைசி நடை இருட்டிவிடும். ‘நடைமுறைச் சாத்தியமில்லை’ என்று கழகம் ஒரே வரியில் முடித்துவிட இது போதும். எனவே அந்த வண்டியின் முழு நாள் அட்டவணையையும் நீங்களே புது நேரத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மதிய ஓய்வில் அரை மணி, முக்கால் மணி கிடக்கும். அந்த 29 நிமிடத்தை அங்கே கரைத்துவிட்டால் பிற்பகல் நடைகள் தொடாமல் இருக்கும். ஊழியர்களின் சாப்பாட்டு நேரத்தை மொத்தமாக விழுங்கிவிடாதீர்கள், தொழிற்சங்கம் எதிர்க்கும், அதில் நியாயமும் உண்டு. இப்படித் திருத்திய அட்டவணையை மனுவோடு பின் செய்யுங்கள்.

மனுவின் பிரதிகள்: வட்டாரப் போக்குவரத்து ஆணையமாக இருக்கும் மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, அதன் செயலராக இருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கு ஒன்று, கழகத்தின் மண்டலப் பொது மேலாளருக்கு ஒன்று, பணிமனையின் கிளை மேலாளருக்கு ஒன்று. ஆட்சியருக்குரியதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நானூறு கையெழுத்தை விடக் கிராம சபைத் தீர்மானத்தின் நகல் ஒன்று கனமானது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாள்களில் ஒன்று நெருங்கினால் காத்திருந்து தீர்மானம் போட்டுக்கொண்டு போகலாம். மாநில அரசின் குறைதீர்ப்புத் தொலைபேசி எண்ணான 1100-இல் பதிவு செய்வதும் சரி, ஆனால் அதில் அட்டவணையை இணைக்க முடியாது என்பதால் அது நினைவூட்டலுக்கு மட்டும்.

நேர மாற்றக் கோரிக்கைகளை விசாரிக்கும் டைமிங் கூட்டத்துக்கு நோட்டீஸ் போவது அந்தத் தடத்தில் ஓட்டும் உரிமையாளர்களுக்கும் கழகத்துக்கும்தான். பயணிகளைத் தேடி வராது. எப்போது நடக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களாகக் கேட்டு, உங்கள் மனுவைக் கூட்டத்தில் வைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். யார் எதிர்ப்பார் என்பதும் முன்பே தெரிந்த கதை: உங்கள் புது நேரத்துக்குப் பின்னால் வருகிற வண்டி. எடுத்துக்காட்டில் அது 8.34. அந்த 31 பேரும் 53 நிமிட ஓட்டை தந்த வரம். ‘24 நிமிடம் முன்னால் அரசு பஸ் விட்டால் என் வசூல் போச்சு’ என்பார் அதன் உரிமையாளர். அதற்குப் பதில் உங்கள் நோட்டின் கடைசிப் பத்தி: அந்த வண்டியில் ஏற முடியாமல் தினமும் நின்ற 9 பேர். அவரால் ஏற்றிக்கொள்ள முடியாத ஆட்களுக்குத்தான் கேட்கிறோம் என்று காட்டிவிட்டால் ஆட்சேபத்தின் காற்று பாதி இறங்கிவிடும். உத்தரவுக்குப் பிறகும் அவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கலாம். ஆகவே உத்தரவின் நகலில் பயணிகள் தேவை பற்றிய காரணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காரணம் எழுதாத உத்தரவு எளிதில் விழும்.

மூன்றாவது வகையைப் பற்றிச் சுருக்கமாக. இருக்கும் ரூட்டை உங்கள் ஊர் வரை நீட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 80-ஆவது பிரிவில் வழி உண்டு; நீட்டிப்பு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, அது பொதுமக்களுக்கு வசதி என்றும் அதற்குத் தனி பெர்மிட் தருவது உகந்ததல்ல என்றும் ஆணையம் திருப்திப்பட வேண்டும். பெர்மிட்டில் சொன்ன உச்ச எண்ணிக்கைக்கு மேல் நடை கேட்டால் பொதுவாக அது புது பெர்மிட் விண்ணப்பம் போலவே நடத்தப்படும், காலம் எடுக்கும். உள்ளொடுங்கிய ஊர் என்றால் மினி பஸ்தான் எளிது. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் ரூட்டின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பஸ் ஓடாத வழியாக இருக்க வேண்டும். வழியைக் கிலோமீட்டர் கணக்கோடு வரைந்து, எந்தத் துண்டில் பஸ் இல்லை என்று குறித்துக் கொடுங்கள்.

மாற்றம் வந்த முதல் இரண்டு வாரம் மறுபடி நோட்டோடு நில்லுங்கள். அரசு வண்டி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்றுதான் கிளையில் பார்ப்பார்கள். காலியாக ஓடினால் சத்தமில்லாமல் பழைய நேரத்துக்குப் போய்விடும். டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்கள், காசு இல்லைதானே என்று விட்டுவிடாமல், கட்டணமில்லா டிக்கெட்டைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். கிழிக்காத டிக்கெட்டுக்குரிய ஆள் அந்த நடையின் கணக்கில் இல்லை.