ஆபிரகாம் லிங்கன் பற்றிப் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு லிங்கனை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் வாட்ஸப்பில் வந்த பட்டியல்தான் இருக்கும். 1832ல் தோல்வி, 1855ல் தோல்வி, 1858ல் தோல்வி, 1860ல் அமெரிக்க அதிபர். இதை அப்படியே ஒப்பித்தால் லிங்கன் என்ற அரசியல்வாதி காணாமல் போய்விடுவார்.

1832ல் இல்லினாய் சட்டமன்றத் தேர்தலில் தோற்றது உண்மை. நான்கு இடங்களுக்கு 13 பேர் போட்டி, இவர் எட்டாவது. வயது 23. ஆனால் சொந்த ஊரான நியூ சேலத்தில் விழுந்த 300 வாக்குகளில் 277 இவருக்கு! அப்புறம் அஞ்சலகத்தைக் கவனித்துக்கொண்டார், நில அளவைக்காக ஊர் ஊராகப் போனார். மாவட்டமே அவரைத் தெரிந்துகொண்டது. 1834, 1836, 1838, 1840 என நான்கு முறை தொடர்ந்து வெற்றி. 1846ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்வானார். 1848ல் மீண்டும் நிற்காததைத் தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தொகுதியில் அவருடைய அன்றைய கட்சியான விக் கட்சியினர் முறைவைத்து நின்றார்கள். அவர் முறை முடிந்தது, விலகிக்கொண்டார்.

1855 செனட் தேர்தலை ‘தோல்வி’ என்று ஒரே சொல்லில் முடிப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்குகள், ஜனநாயகக் கட்சியில் இருந்துகொண்டே அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லைமன் டிரம்புல்லுக்கு வெறும் 5. அவருக்கு வாக்களித்த அந்த ஐந்து பேரும் அதே நிலைப்பாடு கொண்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள். விக் கட்சிக்காரருக்கு வாக்களிக்க மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். சுற்றுக்குச் சுற்று லிங்கனின் வாக்குகள் கரைய, அடிமைமுறை பரவுவதை எதிர்த்தவர்களுக்கு எதிரணியில் இருந்த மேட்டிசன் 47 வரை வந்துவிட்டார். ஜெயிக்க இன்னும் நான்கைந்து வாக்குகள் போதும். அப்போது லிங்கன் தன்னிடம் மிஞ்சியிருந்தவர்களை டிரம்புல்லுக்கு வாக்களிக்கச் சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 வாக்குகளுடன் வென்றார். தன் பதவியை விட்டுக்கொடுத்துக் கொள்கையைக் காப்பாற்றிய அந்த மாலையைச் சொல்லாமல் லிங்கனை எப்படிச் சொல்வது? அந்த ஐவரில் ஒருவரான நார்மன் ஜட்தான் 1860ல் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் அதிபர் வேட்பாளராக லிங்கன் பெயரை முன்மொழிந்தார்.

1858 செனட் போட்டியில் மக்கள் லிங்கனை நிராகரித்து ஜனநாயகக் கட்சியின் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் சரியில்லை. அப்போதும் சட்டமன்றம்தான் முடிவு செய்தது, டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் திருத்தம் 1913ல்தான் வந்தது.

1860ல் நாடே திரண்டு வாக்களித்தது என்றும் பேசாதீர்கள். நான்குமுனைப் போட்டியில் அவர் பெற்றது 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தெற்கில் பல மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே கிடையாது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகள் 303ல் 180 கிடைத்ததால் அதிபரானார்.

மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை விட்டுவிடுங்கள். லிங்கன் எழுதியதற்குச் சான்று இல்லை.

ஒரே கையெழுத்தில் அடிமைமுறையை ஒழித்தார் என்பதும் தவறு. அடிமைகளை விடுவித்த 1863 ஜனவரி 1 பிரகடனம், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான். அடிமைமுறை இருந்தும் கிளர்ச்சியில் சேராத கென்டக்கி, மேரிலாந்து போன்ற மாநிலங்களை அது தொடவில்லை. நாடு முழுவதும் ஒழிக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்காக உறுப்பினர் உறுப்பினராக ஆதரவு திரட்டினார்கள், லிங்கனும் இறங்கி வேலை செய்தார். 1865 ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறியது. போதிய மாநிலங்கள் ஒப்புதல் தந்து முடித்தது டிசம்பரில். லிங்கன் ஏப்ரலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.