விற்ற ஆடியோ சாதனத்தில் சேதம் என்று புகார் வந்தால்

“பெட்டியைப் பிரித்தேன். இடது பக்கம் சத்தமே வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.” பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இணையத்தில் விற்ற நான்காம் நாள் எனக்கு வந்த செய்தி இது. அனுப்புவதற்கு முன் இரண்டு மணி நேரம் பாடவிட்டுப் பார்த்த பொருள் என்பதால் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபத்தோடு பதில் எழுதாததால் தப்பித்தேன்.

படி 1: அன்றே பதில் எழுதுங்கள். தவறு யாருடையது என்ற பேச்சே வேண்டாம். “செய்தியைப் பார்த்தேன், வருந்துகிறேன். பொருளையும் பெட்டியையும் அப்படியே வைத்திருங்கள், என்னவென்று பார்ப்போம்” என்பது போதும். விற்ற தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதற்குப் பிறகு சாட்சி கிடையாது.

படி 2: படங்கள் கேளுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்கள், உள்ளே வைத்த பஞ்சு, அடிபட்ட இடம், பின்புறத்து சீரியல் எண். அந்த எண்ணை உங்களிடம் உள்ள பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். உள்ளே ஏதாவது கடகடவென்று உருண்டால் மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர் பிடிப்பு விட்டிருக்கலாம்.

படி 3: கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகச் சொல்லுங்கள். மௌனம் வலது ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ (பாட்டைக் கொடுக்கும் கருவி, அதன் வயர்) இருக்கிறது. இடது ஸ்பீக்கரே ஊமையாக இருந்தால் ஸ்பீக்கரையோ அதன் வயரையோ பாருங்கள். என் விஷயத்தில் மௌனம் தாவியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இடது, வலது பக்கங்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸ் குமிழ் வலது கோடிக்குத் திரும்பியிருந்தது! தூசி துடைத்தபோது திரும்பியிருக்கும் போலும்.

டர்ன்டேபிளில் (இசைத்தட்டு சுழலும் கருவி) ‘ஹம்’ என்ற இரைச்சல் என்றால் எர்த் வயரை மாட்டினாரா என்று கேளுங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு, ஸ்பீக்கர் ஓரத்து நுரை உதிர்வது எல்லாம் பெரும்பாலும் வயதின் கோளாறு, கூரியரின் பாவம் அல்ல. ஆனால் விளம்பரத்தில் நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வாங்கியவர் பக்கம்தான் நியாயம்.

படி 4: தீர்வு. வழியில் அடிபட்டது உறுதியானால் அன்றைக்கே கூரியரிடம் இழப்பீடு கோருங்கள்; கெடு குறைவாகவே இருக்கும், பெட்டியையும் கேட்பார்கள். சிறு கீறல் என்றால் ஒரு பகுதிப் பணத்தைத் தருவது இருவருக்கும் லாபம். திரும்ப அனுப்புவதானால் அதே பெட்டியில், அதே பஞ்சோடு கட்டச் சொல்லுங்கள். டர்ன்டேபிள் என்றால் சுழலும் தட்டையும், ஊசி தாங்கும் கையின் பின்முனையில் இருக்கும் எதிர் எடையையும் கழற்றித் தனித்தனியே சுற்றி, அந்தக் கையை அசையாமல் கட்டி, ஊசிக்கு மூடி போடச் சொல்லி எழுதுங்கள். முதல்முறை வாங்கியவருக்கு இது தெரிந்திருக்காது. வந்ததும் வீடியோ எடுத்தபடி பிரித்து, சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.