ஃப்ரீ ஃப்ளோ போட்ட பழைய புல்லட்: கார்புரேட்டரில் எதை முதலில் தொடுவது

"அண்ணே, சைலன்சர் மாத்திட்டேன். மெயின் ஜெட்டைப் பெருசாக்கிட்டா சரியாயிருமா?" எங்கள் தெருவில் புல்லட் வைத்திருக்கும் தம்பிகள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஓட்டையுள்ள பித்தளைச் சாமான். அதில் மெயின் ஜெட் கடைசியில் தொட வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் விசைப்படகு இஞ்சின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு வேலை தலைக்கு மேல் இருக்கும். படகுகள் கடலுக்குத் திரும்பிய பிறகுதான் மாமா கொடுத்த 1994 புல்லட் 350-க்கு நேரம் கிடைக்கும். அதன் பழைய சைலன்சர் உப்புக் காற்றில் அடிப்பக்கம் அரித்து ஓட்டையாகிவிட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் ஃப்ரீ ஃப்ளோ, அதாவது உள்ளே அடைப்பு குறைந்த சைலன்சர், மாட்டினார்கள். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை விட்டதும், இஞ்சின் அணைந்துவிடுகிறது என்றதும் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடித்தது. ஹெட்டிலிருந்து இறங்கும் பைப் நீலமாக மாறியது. வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாக இழுத்ததால் நானும் நல்லதென்றே நினைத்தேன். மூன்றாம் மாதம் தேவிபட்டினம் தாண்டி கிக்கரில் பிடிப்பே இல்லாமல் போனது. ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகிக் கடித்த மாதிரி இருந்தது.

காரணம் எளிது. புது சைலன்சரில் அடைப்பு குறைவு. புகை சீக்கிரம் வெளியேறுகிறது, உள்ளே காற்று கூடுதலாக வருகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. கலவை லீனாகி, அதாவது காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறுகிறது. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்கு அதுவும் கொஞ்சம் லீன்தான். இரண்டும் சேரும்போது 1994-ல் வைத்த செட்டிங் போதாது.

கார்புரேட்டரைத் தொடும் முன் மற்றதைச் சரிபாருங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பட் (வால்வு இடைவெளி): வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஏர் ஃபில்டரில் கடற்கரை மணல் இருந்தால் மாற்றிவிடுங்கள். அப்புறம் லீக். இந்த மாடலில் எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டுக்குள் சொருகியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்திலும் சைலன்சர் கிளாம்ப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, ஆறிய வண்டியைக் கிளப்பினால் லீக் இருக்குமிடத்தில் நுரை குமிழியிடும். வெடிச்சத்தத்துக்குப் பாதி நேரம் இதுவே காரணம்: லீக் வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோலைப் பைப்புக்குள்ளேயே எரியவிடுகிறது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இன்சுலேட்டர் மேல் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்யுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. பெட்ரோலை ஸ்ப்ரே செய்து பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும்.

எங்கள் கரையில் இன்னொரு வேலையும் உண்டு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த பெட்ரோல். அடியில் கலங்கலாக ஒரு படலம், அதில் துருத்தூள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பித்தளையில் பச்சை பூத்திருப்பது தெரியும். ஓட்டையில் வெளிச்சம் வட்டமாகத் தெரியாமல் நசுங்கித் தெரியும். கம்பியை உள்ளே விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். நான் மெல்லிய தங்கூசி நரம்பைத்தான் (தூண்டில் நைலான்) விடுகிறேன், அது பித்தளையைச் சுரண்டாது. கார்ப் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். அடைத்த ஜெட்டை வைத்துக்கொண்டு செட்டிங் செய்தால் எல்லாம் தப்பாகவே வரும்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். என் வண்டியில் இருப்பது 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர். ஆக்சிலேட்டர் கால்வாசி திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில், அதாவது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறதோ அந்தச் சாமானை மட்டும் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

முதலில் ஏர் ஸ்க்ரூ. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி இஞ்சினைச் சூடாக்குங்கள். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். முட்டியதும் இறுக்காதீர்கள், நுனி கெட்டுவிடும். ஐடிலிங்கைச் சற்று ஏற்றி வைத்துக்கொண்டு கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று திருகிக் கேளுங்கள். உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் காற்று கூடும். ஓரிடத்தில் சத்தம் தெளிந்து வேகம் ஏறி நிற்கும். அங்கே விட்டுவிட்டு ஐடிலிங்கைக் குறையுங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்கும் உள்ளே கிடைத்தால் ஸ்லோ ஜெட் சிறிது, ஒரு அளவு பெரிது போடுங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் ஜெட் பெரிது. என் வண்டிக்கு ஜெட் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்றேகால் சுற்றில் நின்றது. வெடிச்சத்தமும் அதோடு பெரும்பாலும் அடங்கியது.

அடுத்து நீடில். புல்லட் ஓட்டுகிறவன் பெரும்பாலும் 50, 60-ல்தான் போவான், அது நீடிலின் வேலை. அதனால் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை ஒரே வேகத்தில் பிடித்துப் போங்கள். வண்டி இழுத்து இழுத்து விடுகிற மாதிரி இருந்தால் லீன். சந்தேகமிருந்தால் சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். வண்டி தேறினால் லீன், மூச்சுத் திணறினால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். லீன் என்றால் நீடிலில் உள்ள கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் நீடில் ஏறும், பெட்ரோல் கூடும். இதை ஒரே திசையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜூனுக்குப் பிறகு கச்சான் காற்று (மேற்கிலிருந்து வருவது) அடிக்கும்; மண்டபம் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். எதிர்காற்றில் இஞ்சினுக்குப் பளு கூடி, மறைந்திருந்த குறை வெளியே வரும். போகும்போது நன்றாயிருந்த செட்டிங் திரும்பும்போது எனக்கு இரண்டு தடவை ஏமாற்றம் தந்திருக்கிறது.

மெயின் ஜெட்டுக்குப் புது பிளக் போட்டு, ஆளில்லாத விடியற்காலைச் சாலையில், ஹெல்மெட்டோடு, மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். மூன்றாம் கியர் போதும், தேவையில்லாத வேகம் வேண்டாம். சில வினாடிகளில் கிளட்ச்சைப் பிடித்து, சாவியை அணைத்து, உருண்டு நில்லுங்கள். பிளக்கைக் கழற்றி, பீங்கானின் அடி வளையத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெரிய ஜெட். கரி படிந்திருந்தால் சிறிய ஜெட். வெளிர் காப்பி நிறம் சரி. எனக்கு 90 வெளுத்தது, 100-ல் கரி, 95-ல் நிறுத்திக்கொண்டேன். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சைலன்சர் வேறு. பாம்பன் பாலத்தில் இதைச் செய்யவே கூடாது. பக்கக் காற்று வண்டியைத் தூக்கிப் போடும். அரிச்சல்முனைச் சாலையும் வேண்டாம், மணல் ஏறிக் கிடக்கும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் சத்தம் வந்தால் அபராதம் உண்டு. அதைவிட, ராத்திரியெல்லாம் வலை இழுத்து வந்தவர்கள் எங்கள் தெருவில் பகலில்தான் தூங்குகிறார்கள். நான் சைலன்சர் வாயில் தடுப்புக் குழாய் மாட்டியிருக்கிறேன். அதை மாட்டினாலும் கலவை மாறும். எனவே செட்டிங் தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, இஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் ஏர் ஸ்க்ரூவை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், கால் சுற்று மாறலாம். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: ஏர் 1¼, கிளிப் 4, மெயின் 95, தேதி.